ஃபார்மட் போட்டுட்டா முடிஞ்சுதா?



லேப்ல ஒரு கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினா போதும், "ஃபார்மட் போட்டுடுடா" என்று நாலு குரல் கேட்கும். இது சரிதானா? என் கருத்து: இல்லவே இல்லை!

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது. 1993 முதல் வெளிவரும் இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். சாரிடம் அனுமதி வாங்கி, புதிய பதிப்பை மூல நிரலில் இருந்து நாங்களே கட்ட ஆரம்பித்தோம். 'மேக் பில்ட்வேர்ல்ட்' என்று கட்டளை கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கிறது!

உடனே அதே பாட்டு: "ஃபார்மட்!" ஆனால் அதில்தான் பிளஸ் டூ அண்ணன்மாரின் ப்ராஜெக்ட் ஃபைல்கள் இருந்தன. வேறு காப்பி கிடையாது. முதலிலேயே எடுத்து வைக்காதது எங்க தப்புதான்.

சார் பதறவில்லை. "இப்ப கம்ப்யூட்டர் ஓடுதா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது! கட்டும் வேலை தனி டைரக்டரியில் நடக்கும். இன்ஸ்டால் கட்டளை கொடுக்கும்வரை பழைய சிஸ்டத்தைத் தொடாது.

முதலில் ஃபைல்களைக் காப்பி எடுத்தோம். திரும்பக் கட்டினோம். வேறு இடத்தில் நின்றது. மூன்றாம் முறை இன்னொரு இடம்! ஒரே இடத்தில் நின்றால் நிரலிலோ செட்டிங்கிலோ பிழை தேடலாம். இடம் மாறி மாறி நின்றால் மெமரியையும் சூட்டையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார் சார். இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றினோம். இந்த முறை முழுசா முடிந்தது!

யோசித்துப் பாருங்கள். ஃபார்மட் போட்டிருந்தால் அண்ணன்மாரின் உழைப்பு போயிருக்கும். கெட்டுப்போன ராம் மட்டும் அப்படியே இருந்திருக்கும்!

பிறகும் அவசரப்படவில்லை. முதலில் புதிய கெர்னலை மட்டும் போட்டு, ரீபூட் செய்து பார்த்தோம். அது கிளம்பாவிட்டால் திரும்பிப் போக, பழைய கெர்னல் 'கெர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் பத்திரமாக இருக்கும். அது கிளம்பிய பிறகே மற்றதை இன்ஸ்டால் செய்தோம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எர்ரர் மெசேஜ் நம்மைத் திட்டுவதற்கு வருவதில்லை, வழி சொல்ல வருகிறது. கடைசி வரியை மட்டும் பார்க்காமல், மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். காப்பி எடுங்கள். அப்புறம் கை வையுங்கள்.

அடுத்த முறை "ஃபார்மட்" என்று சொல்லும் முன், "ஏன் நின்றது?" என்று கேட்போமா நண்பர்களே?

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்