டம்பரை மூடிக் காட்டுங்கள்



மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இந்திய நன்கொடையில் புதிய விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவு வரவிருப்பது எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் அங்கு போடப்படும் காற்றுக்குழாய்களில் தீத்தடுப்பு டம்பர் இருக்குமா, இருந்தால் அதை ஆண்டுதோறும் சோதிக்கப்போவது யார் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய், தீயைத் தாங்குவதற்கென்று கட்டிய சுவரையே துளைத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் குழாய்க்குள் இரும்புத் தகடுகள் இருக்க வேண்டும்; அதுதான் டம்பர். 72 பாகை செல்சியஸ் அளவில் உருகும் சிறு உலோகத் துண்டு ஒன்று அவற்றைத் திறந்தபடி பிடித்திருக்கும். அது உருகினால் சுருள்வில் தகடுகளை இழுத்து மூடிவிடும். தூரத்தில் எரியும் தீயின் புகை ஆறி வருவதால் அந்தத் துண்டு உருகாது. ஆகவே வைத்தியசாலையில், புகையுணர்கருவி அறிவித்ததும் மோட்டாரால் மூடிக்கொள்ளும் டம்பரும் அவசியம்.

2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. வைத்தியசாலையில் தீப்பிடித்தது நிலக்கீழ்த் தளத்தில். காற்றுக்குழாய்கள் வழியாகவும் மேலே ஏறிய புகையில், மாடிகளில் படுத்திருந்த நோயாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஏறத்தாழ 90 உயிர்கள். 1997இல் டில்லி உபஹார் திரையரங்கில் மின்மாற்றி எரிந்தது கீழே வாகனத் தரிப்பிடத்தில். 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பல்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

குளிரூட்டி வேலை எனது தொழில். இந்தக் கரையோரத்துப் பொதுக் கட்டடம் ஒன்றில் சீலிங்குக்கு மேலே ஏறியபோது, டம்பரின் தகடுகளைக் கட்டுக்கம்பியால் திறந்தபடி கட்டி வைத்திருந்ததைக் கண்டேன். அது சும்மா சும்மா மூடிக்கொள்கிறதாம், அறை குளிரவில்லையாம். கம்பியை அறுத்துவிட்டேன், தகடு அசையவில்லை. சுருள்வில் துருவேறி, அச்சு இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ளித்தான் மூட முடிந்தது. சோளகக் காற்றுக் காலத்தில் ஜன்னல் பிணைச்சல்கள் படும் பாடு மன்னாரில் யாருக்குத் தெரியாது? குழாய்க்குள் கிடப்பதை மட்டும் உப்புக்காற்று விட்டுவைக்குமா?

கட்டடத்தைக் கையேற்கும் நாளில் ஏசி குளிர்கிறதா, லைற் எரிகிறதா என்று பார்க்கிறார்கள். டம்பரை மூடிக் காட்டச் சொல்லி ஒருவராவது கேட்டதை நான் கண்டதில்லை. இது பெரும் அநியாயம். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி எழுந்து ஓடுவாரா?

அதிகாரிகளே, கரையோரக் கட்டடங்களுக்குத் துருப்பிடியாத எஃகு டம்பர்தான் என்று கேள்விப்பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு டம்பருக்கும் கை நுழையும் அளவில் சோதனைக் கதவு வையுங்கள். அது இல்லாவிட்டால் சோதனை என்பது வெறும் கையெழுத்துத்தான். ஒவ்வொன்றையும் மூடித் திறந்து காட்டும்வரை ஒப்பந்தக்காரரின் கடைசிக் கொடுப்பனவை நிறுத்தி வையுங்கள். புதிய கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காற்றுக்குழாய் ஓடும் பழைய பொதுக் கட்டடங்களை இந்த ஆண்டுக்குள் சோதித்து, எதில் டம்பர் வேலை செய்கிறது, எதில் இல்லை என்பதை மன்னார் மக்களுக்குப் பகிரங்கமாக அறிவியுங்கள்.

குளிரூட்டித் தொழிலாளி ஒருவர்,
பேசாலை, மன்னார்.