அளக்க அழைக்கப்படுவோர், தீர்மானிக்க அழைக்கப்படாதோர்

நகர்ப்புற ஏழைகளின் நிலவுரிமை பற்றிய கருத்தரங்குகளில் இப்போதெல்லாம் ஒடிசா தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. குடிசைவாழ் மக்களுக்கு நிலவுரிமை வழங்க அம்மாநிலம் 2017இல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்த 2018இல் ஜாகா மிஷன் தொடங்கியது. ஒடியா மொழியில் 'ஜாகா' என்றால் இடம். 2019இல் அத்திட்டத்திற்கு உலக வாழிட விருதும் கிடைத்தது. இந்தப் பாராட்டுகளில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பாராட்டுவோரில் பலர் ட்ரோனைப் பாராட்டுகிறார்களே தவிர, மக்கள் பங்கேற்பு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று கேட்பதில்லை.

ட்ரோனுக்குத் தெரிவது கூரை மட்டுமே. ஒரே தகரத்தின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனியே உலை வைப்பதையோ, இரண்டு வீடுகளுக்கு இடையிலான சுவர் யாருடையது என்பதையோ அது அறியாது. அதை அறிந்தவர் அடுத்த வீட்டுக்காரர். எனவேதான் ஒவ்வொரு குடியிருப்பிலும் குடிசைவாழ் மக்கள் சங்கம் அமைக்கப்பட்டு, வீடுவீடாகச் சென்று எல்லைகள் சரிபார்க்கப்பட்டன. பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் பெற்ற எல்லையே நாளை வழக்கில் சிக்காத எல்லை. அவ்வாறு கிடைக்கும் சான்றிதழ் வாரிசுகளுக்குச் செல்லும், வீட்டுக்கடனுக்கு அடமானம் வைக்கலாம், விற்க இயலாது. மணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். அந்த இரண்டாவது பெயர் எத்தனை பெண்களை வீதிக்கு வராமல் காக்கும் என்பதைக் களப்பணி செய்தவர்கள் அறிவார்கள்.

எனினும் இவையெல்லாம் ஒரு குடியிருப்பு பட்டியலில் சேர்ந்த பிறகு நிகழ்பவை. சேருமா, சேராதா என்பதை முடிவு செய்வது நிலத்தின் வகைப்பாடு. ஒடிசாவில் அதற்குக் 'கிசம்' என்று பெயர். நம் பதிவேடுகளில் மேய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதப்படுவதைப் போன்றது. கிசம் 'ஜங்கிள்' என்றிருந்தால் சிக்கல்தான். அரசுப் பதிவேட்டில் காடு என எழுதப்பட்ட எந்த நிலமும், உடைமை யாருடையதாயினும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என்று கோதாவர்மன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மருந்துக்கும் ஒரு மரம் இல்லாத தெருவும் ஏட்டில் காடாகவே இருக்கும். ஒன்றிய அரசின் அனுமதியின்றி மாநிலம் அதை வழங்க முடியாது. ரயில்வே நிலத்தில் குடியிருப்போரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இதற்குமேல் இன்னொரு வடிகட்டி உண்டு. 'குடியிருக்கத் தகாத' இடம் எது என்ற வரையறை, ராஜீவ் ஆவாஸ் யோஜனா காலந்தொட்டே நம் கொள்கை ஆவணங்களில் இரு கால்களில் நிற்கிறது: உயிருக்கோ உடல்நலத்திற்கோ ஆபத்தான இடம் என்பது ஒன்று, அங்கே குடியிருப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று என்பது மற்றொன்று. முதலாவதை வெள்ளமட்டத்தைக் கொண்டும் மின்கம்பியின் தூரத்தைக் கொண்டும் அளக்கலாம். இரண்டாவதை எந்தக் கோலால் அளப்பது? சாலை விரிவாக்கமும் பொதுநலன், பூங்காவும் பொதுநலன், நாற்பது ஆண்டு வாழ்ந்த குடும்பங்கள் அங்கேயே இருப்பது மட்டும் பொதுநலன் ஆகாது என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே உண்மையான கேள்வி.

மும்பையின் 1985ஆம் ஆண்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வாழ்வாதாரத்தை உயிர்வாழும் உரிமையின் பகுதியாக ஏற்றது. ஆயினும் மாற்றிடத்தை 1976இல் கணக்கெடுக்கப்பட்டவர்களுக்கே உறுதி செய்தது. எண்ணப்படாதவர் இல்லாதவரானார். அதே ஆண்டில் பைகுல்லா நடைபாதைவாசிகள் ஸ்பார்க் அமைப்புடன் சேர்ந்து ஏறத்தாழ 6,000 குடும்பங்களைத் தாங்களே கணக்கெடுத்தனர். அரசு கேட்டதால் தரவு திரட்டவில்லை. அரசோடு வாதிடுவதற்காகத் திரட்டினர். ஒடிசாவின் சங்கங்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது அரசின் பணியை எளிதாக்கும் பங்கேற்பு; பின்னது அரசின் ஏட்டையே கேள்வி கேட்கும் பங்கேற்பு.

'சமூகம்' என்று நாம் ஒருமையில் எழுதிவிடுகிறோம். குடியிருப்பிலேயே வாடகைக்கு இருப்பவர் அந்தச் சங்கத்தில் யாராகப் பேசுவார்? அவர் வசிக்கும் அறைக்குச் சான்றிதழ் கிடைத்தால் வாடகை உயரும், அல்லது அறை காலி செய்யப்படும். அவரை எல்லைக்குச் சாட்சி சொல்ல மட்டும் அழைத்துவிட்டு, அதையும் பங்கேற்பு என்று கணக்கில் சேர்ப்பது நேர்மையன்று.

ஆகவே பிற மாநிலங்கள் ஒடிசாவைப் பின்பற்ற முனையும்போது அளவீட்டு முறையோடு நின்றுவிடக் கூடாது. நில வகைப்பாட்டுப் பட்டியலை அளவீட்டுக்கு முன்பே அந்தந்தக் குடியிருப்பில், மக்கள் படிக்கக்கூடிய மொழியில் ஒட்ட வேண்டும். தகாதது எனச் சொல்லப்படும் ஒவ்வோர் இடத்திற்கும் ஆபத்து காரணமா, பொதுநலன் காரணமா எனத் தனித்தனியே எழுத வேண்டும். அந்தக் காரணத்தை மறுத்து, பழைய வாக்காளர் பட்டியலோ மின்கட்டண ரசீதோ எதுவாயினும் சான்றாகக் கொண்டுவந்து வாதிடச் சங்கத்திற்கு ஒரு விசாரணை நாள் வேண்டும். அதன் முடிவு எழுத்தில் வர வேண்டும். வாடகைதாரர்களுக்கு அதில் தனி இருக்கை வேண்டும். இதற்கு ட்ரோன் தேவையில்லை. வட்டாட்சியர் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால் போதும்.