கடவுச்சொல் விதிகளும் களப்பணியாளரும்

மழையளவு, கிணற்று நீர்மட்டம், மாணவர் வருகை ஆகிய யாவும் இன்று தரவுத்தளங்களில் பதிவாகின்றன. அவற்றுள் நுழைவோருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். ஆயினும் ஒரே பெயரை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்கள் உள. கடவுச்சொல்லோ மேசைக் கண்ணாடியின் அடியில் துண்டுக் காகிதத்தில் காட்சியளிக்கிறது. இதனை ஊழியரின் அசிரத்தை என்று கூறிவிடுவது எளிது. விதி வகுத்தோரின் பங்கும் இதில் சிறிதன்று.

பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலக்க வேண்டும், குறித்த நாட்களுக்கொருமுறை மாற்ற வேண்டும் என்னும் வழக்கம் பரவுவதற்கு, அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் பில் பர் என்பார் எழுதிய வழிகாட்டி பெரிதும் காரணமாயிற்று. தாம் செய்தவற்றுள் பலவற்றிற்காக வருந்துவதாக அவரே 2017-இல் கூறினார். அவ்வாண்டே அந்நிறுவனம் அவ்விரு விதிகளையும் கைவிட்டது. கடவுச்சொல் ஒன்றையே நம்பும் இடங்களில் அது 15 எழுத்துக்களுக்குக் குறையலாகாது என்று 2025-இல் வெளியான திருத்தம் கூறுகிறது. காரணம் விளங்காததன்று. அடிக்கடி மாற்றும்படி நெருக்கப்படும் மனிதர் ‘மழை1’ என்பதை ‘மழை2’ ஆக்குவர். அல்லது காகிதத்தில் எழுதி வைப்பர்.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் பல பதிப்புகளில், நிர்வாகி வேறு விதமாக அமைக்காவிடில், கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாட்கள். பத்து முறை தவறினால் கணக்கு ஒரு நாள் பூட்டப்படும். பதிவுக்குரிய கடைசித் தேதியன்று தொலைதூரக் கிராமத்தில் இருப்பவருக்கு அவ்வொரு நாள் எத்தகையது என்பதைத் தலைமையகத்தார் எண்ணிப் பார்த்தல் நலம். இவ்வெண்கள் யாவும் நிர்வாகியால் மாற்றத்தக்கவையே.

பெயரைப் பகிர்வதே பெருங்கேடு. ஒரு தாலுகாவின் மழையளவு 42 மில்லிமீட்டர் என்றிருந்தது 142 ஆகிவிட்டதெனக் கொள்வோம். தரவுத்தளத்தின் குறிப்பேடு மாற்றியவரின் பயனர் பெயரைக் காட்டும். அப்பெயரோ அலுவலகம் முழுமைக்கும் பொது. அந்நிலையில் குற்றமற்றவர் தம்மை மெய்ப்பிக்க வழியில்லை. பழி பெரும்பாலும் நிரந்தரப் பணியில்லாத இளைய ஊழியர் மீதே சென்று விழும். தனிப்பெயர் என்பது கண்காணிப்புக்குரிய கருவி மட்டுமன்று, ஊழியருக்குரிய காப்புமாகும்.

உரிமைகளையும் அளந்தே வழங்குதல் வேண்டும். ஓர் ஆசிரியர் தம் வகுப்பின் மதிப்பெண்களை எழுதுவதற்குப் பள்ளி முழுமையின் பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் தேவையில்லை. அனைத்ததிகாரமும் படைத்த பெயர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பின் நேர்வதென்ன என்பது 2002-இல் தெரிந்தது: எஸ்.க்யூ.எல். சர்வரின் ‘எஸ்.ஏ.’ என்னும் தலைமைக் கணக்கு கடவுச்சொல்லின்றி விடப்பட்டிருந்த கணினிகளில் ஸ்பைடா என்னும் கணினிப் புழு புகுந்து பரவியது.

தனித்தனிப் பெயர் வழங்கினால் வேலை பெருகும் என்று நிர்வாகிகள் ஆட்சேபிக்கக்கூடும். பெருகும் என்பது மெய்யே. இடமாற்றம் பெற்றவரின் பெயரை அன்றைக்கே மூடவும் வேண்டியிருக்கும். காலக்கெடுவுக்காக மாதந்தோறும் கடவுச்சொற்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் நேரத்தை இதற்குச் செலவிடலாம்.