நெமோவின் முகத்தில் பூசிய சாயம்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனை நோக்கிச் சுறா பாய்ந்து வருகிறது. கேப்டன் நெமோ கத்தியோடு குறுக்கே பாய்ந்து அவனைக் காப்பாற்றுகிறார். பிறகு ஒரு பை முத்துகளையும் அவன் கையில் திணிக்கிறார். ஜூல் வெர்னின் புகழ்பெற்ற நீர்மூழ்கி நாவலில் வரும் காட்சி இது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவர் ஏன் உயிரைப் பணயம் வைத்தார் என்பது 1875-இல் முழுமையாக வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் தெளிவாகிறது. நெமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார். திப்பு சுல்தானின் உறவினர். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர்.

இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாக்கி, 1916-இல் ஸ்டூவர்ட் பேட்டன் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் ஒரு மௌனப் படம் எடுத்தது. அதன் கடலடிக் காட்சிகள் பஹாமாஸ் கடலுக்குள் உண்மையாகவே எடுக்கப்பட்டன. கப்பலிலிருந்து நீண்ட உலோகக் குழாயைக் கடலுக்குள் இறக்கி, அதன் அடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறையைப் பொருத்தினார்கள் வில்லியம்சன் சகோதரர்கள். கேமராக்காரர் உடம்பில் சொட்டுத் தண்ணீர் படாமல் அந்த அறைக்குள் உட்கார்ந்து மீன்களையும் பவளப் பாறைகளையும் படம்பிடித்தார். சினிமா வரலாறு இந்தப் படத்தை இதற்காகத்தான் கொண்டாடுகிறது.

அதைவிடத் துணிச்சலான காரியம் கதையில் இருக்கிறது. இந்தியா பிரிட்டிஷ் பிடியில் இருந்த நேரத்தில், ஓர் இந்திய இளவரசனை நாயகனாக்கி, அவன் குடும்பத்தைச் சீரழித்த வெள்ளைக்காரனை வில்லனாக்கியது ஓர் அமெரிக்கப் படம்.

ஆனால் திரையில் தெரிந்த முகம் ஆலன் ஹோலுபாருடையது. இந்தியராகத் தெரிய அந்த அமெரிக்க நடிகரின் தோலுக்குச் சாயம் பூசி, வெள்ளைத் தாடியும் ஒட்டிவிட்டார்கள். மகளாக வரும் ஜேன் கேலுக்கும் அதே பூச்சுதான். இந்தியரின் துயரம் கதைக்கு வேண்டும், இந்தியர் மட்டும் வேண்டாம்!

அந்தக் காலத்தில் வேறு வழி ஏது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முந்தைய ஆண்டுதான் ஜப்பானியரான செசூ ஹயகாவா 'தி சீட்' படத்தின் மூலம் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரமாகியிருந்தார். அமெரிக்க ரசிகர்கள் ஓர் ஆசிய முகத்தைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் அந்தச் சமாதானம் எடுபடாது. ஒன்பது ஆண்டுகள் கழித்தும் பழக்கம் மாறவில்லை: 1925-இல் டைனோசர்களை உயிரோடு உலவவிட்ட 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில், கறுப்பின வேலைக்காரராக வந்தவர் முகத்தில் கரி பூசிய ஜூல்ஸ் கோல்ஸ் என்ற வெள்ளை நடிகர்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் மோசம். 1954-இல் டிஸ்னி எடுத்த வண்ணப்படத்தில் பிரிட்டிஷ் நடிகர் ஜேம்ஸ் மேசன் நெமோவானார். இந்திய அடையாளமே கதையிலிருந்து கழன்றுபோனது. சாயம் போனது நல்லதுதான், அதோடு இளவரசர் தக்காரும் போய்விட்டார். பேட்டனின் படம் அந்த ஒரு விஷயத்திலாவது வெர்னுக்கு நேர்மையாக இருந்தது. இந்திய நடிகரான நஸீருத்தீன் ஷா ஒரு ஹாலிவுட் படத்தில் நெமோவாக வந்தது 2003-இல். மௌனப் படம் வெளியாகி 87 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

மௌன கால அறிவியல் புனைவு என்றாலே நம் திரைப்படச் சங்கங்கள் 'மெட்ரோபோலிஸ்', மெலியேவின் நிலவுப் பயணம் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதாக இந்தப் படத்தையும் திரையிடலாம். அமெரிக்காவில் அதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.