நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் ஏன் வருகிறது? போடி மலைக்குள்ளும் இருக்குமா?

தமிழ்நாட்டின் போராட்ட மேடைகளில் மீத்தேன், நியூட்ரினோ என்ற இரண்டு பெயரும் ஒரே மூச்சில் ஒலித்தவை. போடிமெட்டு இருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில், தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் சுமார் 2 கி.மீ. சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுரங்கம்னாலே உள்ளே மீத்தேன் வருமே, இங்கேயும் வெடிக்குமா?

மீத்தேன் எங்கிருந்து வருது?

நிலக்கரி என்பது கல் அல்ல, புதைந்த காடு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் விழுந்த மரம், செடிகள் மண்ணுக்கடியில் போயின. முதலில் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்தன. இன்னும் ஆழத்துக்குப் போனதும் வெப்பமும் அழுத்தமும் அவற்றைக் கரியாக மாற்றின. இந்த இரண்டு கட்டத்திலும் பிறப்பதுதான் மீத்தேன்.

பிறந்த வாயுவில் ஒரு பகுதி வெளியேறிவிடும். மிச்சம் நிலக்கரியின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேலே இருக்கும் பாறையின் பாரமும் நிலத்தடி நீரின் அழுத்தமும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. கரியை வெட்டியதும் அழுத்தம் குறைகிறது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, வாயு கிளம்பிவிடும். ஆழம் கூடக் கூட வாயுவும் பொதுவாகக் கூடும்.

நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றைவிட லேசானது என்பதால் சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில் 2006 செப்டம்பரில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நடந்த வெடிப்பில் 50 தொழிலாளர்கள் இறந்தார்கள். ராட்சத மின்விசிறிகளால் இரவு பகலாகக் காற்றை உள்ளே ஓட்டுவது மூச்சுவிட மட்டுமல்ல, மீத்தேனைக் கலைத்து வெளியேற்றவும்தான்.

நெய்வேலியில் இந்தப் பயம் இல்லையே என்று கேட்கலாம். அங்கே இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். வாயு தேங்க கூரையே கிடையாது.

அப்போ போடி?

போடி மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நிலத்தில் காடுகள் தோன்றியதோ சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, இந்தப் பாறை உருவானபோது புதைவதற்குக் காடே இல்லை! காடு இல்லையேல் கரி இல்லை, கரி இல்லாத இடத்தில் நிலக்கரி மீத்தேனும் இல்லை.

இதனால் பொட்டிபுரத்தில் எழுந்த எதிர்ப்பு பொய் என்றாகிவிடாது. மலையைக் குடைவது, நீராதாரம், பெரியாறு - மதிகெட்டான் சோலை இடையிலான புலிகளின் வழித்தடம் என அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு. 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசும் திட்டத்தை எதிர்த்தது.

மீத்தேன் கவலை உண்மையில் காவிரி டெல்டாவுக்கு உரியது. மன்னார்குடி வட்டாரத்தில் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அங்கே கரியை வெட்டாமல், ஆழ்துளைக் கிணறு போட்டு மீத்தேனை மட்டும் உறிஞ்சுவதுதான் திட்டம். ஆனால் வாயுவை விடுவிக்க முதலில் அழுத்தத்தைக் குறைக்கணும்; அதற்கு நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டணும். விவசாயிகள் கொதித்தது இந்தத் தண்ணீருக்காக. 2015இல் மாநில அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்றது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது.