முன்னூறு பேர் நிற்கிற அறை

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை ஒருவர் ஆட்டிறைச்சிக் கறியைப் பிசைந்தபடி சொன்னார்: "உந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு என்னடாப்பா பாட்டு? பாவாடையைக் கட்டிக்கொண்டு பைப் ஊதுவாங்கள். மிச்சமெல்லாம் இங்கிலிஸ்காரன்ரை." மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சண்டை பிடிக்கக்கூடாது என்று அம்மா பழக்கியிருக்கிறா. ஆகவே இங்கே பிடிக்கிறேன்.

அண்ணை கிளாஸ்கோவுக்கு வந்து இருபத்தைந்து வருடம். நான் அவரைவிடக் கொஞ்சம் குறைவு. கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, கோப்பை கழுவத் தொடங்கி, இப்ப அடுப்படியில் நிற்கிறேன். எங்கள் குசினியில் றேடியோ நிற்பதே இல்லை. இந்த ஊரை எனக்குப் படிப்பித்தது அந்த றேடியோதான்.

முதல் பாடம் உச்சரிப்பு. ஒரு காலத்தில் பிரித்தானியாவில் பொப் பாடின முக்கால்வாசிப் பேர் அமெரிக்கன் மாதிரித்தான் பாடினார்கள். 1987இல் கண்ணாடி போட்ட இரட்டைச் சகோதரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கிரெய்க் ரீட், சார்லி ரீட். குழுவின் பெயர் த புரொக்ளெய்மர்ஸ். வீட்டில் எப்படிக் கதைத்தார்களோ அப்படியே, அதே ஸ்கொட்டிஷ் இழுவையில் பாடினார்கள். கேலி செய்தவர்கள் கனபேர். ஆனால் 'லெற்றர் ஃப்ரொம் அமெரிக்கா' அந்த வருடமே பிரித்தானியப் பட்டியலில் மூன்றாவது இடத்துக்குப் போனது.

அண்ணை, அந்தப் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா? 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நிலவுடைமைக்காரர்கள் செம்மறி வளர்க்கவென்று மலைநாட்டுச் சனத்தைக் காணியிலிருந்து கிளப்பினார்கள். சனம் கப்பலேறியது. 1980களில் பாத்கேற், லின்வுட் போன்ற ஊர்களில் தொழிற்சாலைகள் மூடப்பட, திரும்பவும் சனம் ஊரைவிட்டுப் போனது. இந்த இரண்டையும் ஒரே பாட்டில் கட்டினார்கள். கப்பலேறிப் போனவனுக்காக ஊரில் இருந்தவன் பாடின பாட்டு. எங்களைவிட ஆருக்கு இது விளங்க வேணும்?

இன்னொரு விசயம். அந்தப் பாட்டின் முதல் வடிவத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரு கிற்றாரும் இரண்டு குரலும்தான். அதை முழு இசையோடு திரும்பப் பதிவுசெய்து வெற்றியாக்கினதில் ஜெரி ரஃபேர்ட்டிக்குப் பங்கு உண்டு. 1978இல் 'பேக்கர் ஸ்ற்றீற்' பாட்டால் உலகப் புகழ் பெற்ற பெய்ஸ்லிக்காரர். மூத்தவர் ஒருவர், ஆரென்றே தெரியாத இரண்டு பொடியளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

இதுதான் இரண்டாவது பாடம். கதவைத் திறந்து பிடிக்கிறது.

1980 வாக்கில் கிளாஸ்கோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் போஸ்ற்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை அலன் ஹோர்ன் என்ற இளைஞர் தொடங்கினார். ஒரேஞ்ச் ஜூஸ் குழுவின் எட்வின் கொலின்ஸ் கூட நின்றார். லண்டனுக்குப் போய் ஆரின் காலிலும் விழத் தேவையில்லை, இங்கேயே இருந்து செய்யலாம் என்று காட்டினது அந்த வீடு. 2005இல் எட்வினுக்கு மூளையில் இரத்தக்கசிவு. பேச்சுப் போனது. வலது கை வழங்காமல் போனது. ஒரு சில சொற்கள் மட்டும்தான் மிஞ்சின. மனைவி கிறேஸ் மக்ஸ்வெல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாக மீட்டெடுத்தார். 2010இல் எட்வின் 'லூசிங் சிலீப்' என்ற தொகுப்போடு திரும்பி வந்தபோது கூட நின்றவர்களில், அவரைக் கேட்டு வளர்ந்த பிள்ளையளும் இருந்தார்கள். அதில் ஒருவர் ஃப்ரான்ஸ் ஃபேர்டினன்ட் குழுவின் அலெக்ஸ் கப்ரானொஸ். மூத்தவன் திறந்த கதவால் உள்ளே வந்தவன், மூத்தவன் விழுந்தபோது தாங்கிப் பிடித்தான்.

அந்தக் கப்ரானொஸ் ஒரு கிரேக்கத் தகப்பனின் மகன். 2004இல் மேர்க்குரி பரிசு வாங்குவதற்கு முதல் குசினியில் சமைத்தவர், மேசையில் வைன் ஊற்றினவர். அதையும் சொல்லத்தானே வேணும்! பாட்டுக்காரன் வேறு சாதி, குசினிக்காரன் வேறு சாதி என்று நினைக்கிற எங்கட ஆக்களுக்காகச் சொல்கிறேன்.

டெல்காடோஸ் குழுவினர் தாங்கள் வளரும்போதே கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் என்ற நிறுவனத்தை நடத்தி, மொக்வாய் குழுவின் முதல் தொகுப்பை 1997இல் வெளியிட்டார்கள். அந்த மொக்வாய் 2021இல் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இருபத்துநாலு வருடம்! அதுவரைக்கும் ஒரு ஊர் அவர்களைத் தாங்கியது. பாஸ்ரெல்ஸ் குழுவின் ஸ்ரீவன் 1980களின் தொடக்கத்திலிருந்து பாடுகிறவர். 2002இல் மொனோறெயில் என்ற இசைத்தட்டுக் கடை தொடங்கினவர்களில் ஒருவர்.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். அறை.

கிங் ரட்ஸ் என்று ஒரு இடம் 1990இல் திறந்தது. முன்னூறு பேர் நிற்கலாம். 1993 மே 31 இரவு, அறிவித்த பட்டியலில் பெயரே இல்லாத மன்செஸ்ரர்ப் பொடியள் சிலர் அங்கே ஏறி வாசித்தார்கள். கிளாஸ்கோக்காரரான அலன் மக்கீ அவர்களைக் கேட்டுவிட்டு அங்கேயே ஒப்பந்தம் பேசினார். அவர்கள்தான் ஒயாசிஸ். 2025 ஓகஸ்டில் அதே ஒயாசிஸ் எடின்பரோவின் மறேஃபீல்ட் மைதானத்தை மூன்று இரவு நிரப்பியது. அதற்கான ரிக்கற் விற்பனையில், வரிசையில் காத்து நிற்கும்போதே விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று சனம் கத்தியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மைதானத்துக்கு முன்னூறு பவுண் கொடுக்கிற சனம், அந்த முன்னூறு பேர் அறைக்குப் பத்துப் பவுண் கொடுக்க யோசிக்கிறது. நாற்றுமேடையைக் காயவிட்டுவிட்டு அறுவடைக்கு மட்டும் அரிவாளோடு வாற மாதிரி!

2023இல் கிளாஸ்கோவின் தேர்ட்டீன்த் நோட் என்ற இடத்தில் வேலைசெய்தவர்கள் சங்கம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் அந்த இடம் மூடப்பட்டது. கப்ரானொஸ் பேர் தெரியாத காலத்தில் கச்சேரி ஒழுங்கு செய்த பெயர் அது. எங்கட ஆக்கள் உடனே "சங்கம் வைச்சுக் கெடுத்திட்டாங்கள்" என்றார்கள். நான் ஒரு குசினித் தொழிலாளி. இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை. மேடையில் நிற்கிறவனுக்குக் கலை, மேடைக்குக் கீழே பியர் ஊற்றுகிறவனுக்குக் கூலியில்லை என்றால் அந்தக் கலை எனக்கு வேண்டாம்.

எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 1970களில் உலகத்தையே பைத்தியமாக்கின எடின்பரோவின் பே சிற்றி றோலர்ஸ், தங்கட காசுக்காக 2007இல் வழக்குப் போட வேண்டி வந்தது. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்கிறவர்கள் அந்தக் காலத்தின் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேணும்.

இந்தக் காலத்தையும் பாருங்கள். எடின்பரோவின் யங் ஃபாதேர்ஸ். மூன்று பேர். ஒருவர் லைபீரியாவில் பிறந்து சின்ன வயதில் வந்தவர், ஒருவர் நைஜீரியப் பெற்றோரின் பிள்ளை, ஒருவர் எடின்பரோ வெள்ளைக்காரன். பதின்ம வயதுப் பிள்ளையளுக்கென்று நடந்த ஒரு ஹிப்ஹொப் இரவில் சந்தித்தவர்கள். 2014இல் மேர்க்குரி பரிசு. ஸ்கொட்லாந்தின் வருடாந்தத் தொகுப்பு விருது 2014, 2018, 2023 என்று மூன்று தரம். 2018இல் பலஸ்தீனர் பக்கம் நின்றதற்காக ஜேர்மனியில் ஒரு பெரிய விழா அவர்களுக்குக் கொடுத்த அழைப்பைத் திருப்பி எடுத்தது. பிறகு மனம் மாறித் திரும்பக் கூப்பிட்டபோது, வரமாட்டோம் என்றார்கள். இப்ப சொல்லுங்கோ, இது ஆற்றை பாட்டு? இங்கிலிஸ்காரன்ரையா? பைப்காரன்ரையா? வந்தேறினவன்ரை பாட்டும் இந்த ஊர்ப் பாட்டுத்தான் அண்ணை!

கோபத்தின் உண்மையான காரணத்துக்கு வாறேன். அதே மண்டபத்தில், சில வருடங்களுக்கு முதல், ஒரு கலைவிழா. இந்தியாவிலிருந்து சினிமாப் பாடகர் ஒருவர் வந்திருந்தார். இங்கே பிறந்த எங்கட பிள்ளையள் நாலு பேர், கிற்றாரும் மிருதங்கமுமாகத் தாங்களே எழுதின தமிழ்ப் பாட்டோடு வந்தார்கள். சனம் வர முந்தி, பின்னேரம் ஐந்தரைக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பாடின பொடியனுக்கு 'ழ' வரவில்லை. முன்வரிசையில் சிரித்தார்கள். பிரதம விருந்தினர் வந்ததும் மைக்கை நிற்பாட்டினார்கள். நான் வெளியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்க அவன் வந்து சொன்னான்: "மாமா, இனி நான் தமிழில பாடேல்லை."

அவன் சொன்னபடியே செய்தான். இப்ப ஆங்கிலத்தில் பாடுகிறான். முப்பது பேர் நிற்கிற இடங்களில். அந்த முப்பதில் தமிழர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

அவனுடைய தமிழ் கிளாஸ்கோத் தமிழ். ரீட் சகோதரர்களின் ஆங்கிலம் ஸ்கொட்டிஷ் ஆங்கிலமாக இருந்த மாதிரி. அவர்களைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள், கதவைத் திறந்துவிட ஒரு ரஃபேர்ட்டியும் இருந்தார். எங்களிடம் கேலி செய்ய ஒரு முன்வரிசை நிறைய ஆக்கள் இருந்தார்கள். ரஃபேர்ட்டி ஒருவரும் இல்லை. மொழி அழியுது, மொழி அழியுது என்று மேடை மேடையாக அழுகிறோம். அன்றைக்கு அதன் கழுத்தில் கைவைத்தது ஆர்?

விழா நடத்துகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வாற வருடம் பிள்ளையளை எட்டு மணிக்கு ஏற்றுங்கோ, மண்டபம் நிறைந்திருக்கும்போது. விமானத்தில் வந்தவர் பிறகு பாடட்டும். அவருக்கு ஒன்றும் குறையாது.

அண்ணை, உங்களுக்கும் ஒரு அழைப்பு. வாற வியாழக்கிழமை எனக்கு லீவு. பொடியன் பாடுகிறான். ரிக்கற் எட்டுப் பவுண். உங்கட காசையும் நானே போடுறன்.