உசிலம்பட்டி ஒய்!

உசிலம்பட்டிப் பக்கத்து கிராமத்து இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் உலகச் சரித்திரம் இருக்கிறது என்றால், 'சும்மா கதை விடாதேய்யா' என்பீர்கள். நிஜம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு சேகரித்த ரத்தத்தில் எம்130 என்ற அடையாளம் சிக்கியது. ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 2002-ல் இதையெல்லாம் வைத்துப் புத்தகமே போட்டார். சுமார் 50 ஆயிரம் வருஷம் முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போன கூட்டத்தின் முத்திரையாம் அது. அங்குள்ள பழங்குடிகளிடமும் இருக்கிறது.

ரத்தத்தில் எங்கே? சிவப்பணுவில் டி.என்.ஏ.வே கிடையாது. வெள்ளையணுவில்தான் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நூல், 46 கண்டாகச் சுற்றி வைத்திருக்கிறது. அவைதான் குரோமோசோம்கள். அம்மா கொடுத்தது 23, அப்பா கொடுத்தது 23. மற்றதெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துவிடும். ஒய் மட்டும் ஏறக்குறைய அப்படியே அப்பாவிடமிருந்து மகனுக்கு. எப்போதாவது காப்பி எடுக்கையில் ஓர் எழுத்துப் பிழை விழும். எம்130 அப்படி விழுந்ததுதான்.

'முதல் இந்தியர்' என்று பேப்பரில் போட்டது கொஞ்சம் ஓவர். பத்து தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர்கள். ஒய் சொல்வது அதில் ஒரே ஒருத்தர் கதையை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒய்யின் இன்னொரு வேலை. அம்மாவிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். வேறு எதையும் அவளால் கொடுக்க முடியாது. அப்பாவின் விந்தணுவில்தான் பாதி எக்ஸ், பாதி ஒய். ஒய் வந்தால் பையன்.

1986-ல் 'இந்தியா டுடே' பெண்சிசுக்கொலை பற்றி எழுதி, உசிலம்பட்டி பெயர் நாடெங்கும் அடிபட்டது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அத்தனை வருஷமும் ஏச்சும் இரண்டாம் கல்யாண மிரட்டலும் வாங்கியது மருமகள்கள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பெரியவர், "மருமக மூணும் பொட்டப்புள்ளையாப் பெத்துட்டா" என்று சலித்துக்கொண்டார். எக்ஸ், ஒய் எல்லாம் விளக்கினேன்.

"அப்ப எம் மகன்கிட்ட அந்த ஒய்யி இல்லையா?"

"இருக்குங்கய்யா. நீங்க கொடுத்ததுதான். காசு சுண்டுற மாதிரி, மூணு தடவையும் பூ விழுந்திருச்சு."

"மருமக மேல தப்பில்லைங்கிற?"

"யார் மேலயும் இல்லைங்கய்யா."

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"தம்பி, இதை எங்க வீட்டுக் கெழவிகிட்ட நீயே வந்து சொல்லிரு."